வந்த வாசலை மட்டும் நம்பாதீர்கள்: கூட்டப் பாதுகாப்பு கேள்வி-பதில்

மகன் டல்லஸில் இருக்கிறான். 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறான். கைப்பையில் என்ன கொண்டுபோகலாம்?
– அழ., கோட்டையூர்

அமெரிக்காவின் பெரிய மைதானங்களில், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் விடுவார்கள். 12 அங்குல நீளம், 12 உயரம், 6 அகலம் என்பது வழக்கமான அளவு. அதோடு உள்ளங்கை அளவில் ஒரு பர்ஸ். தோல் கைப்பையும் முதுகுப்பையும் வாசலோடு நின்றுவிடும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு வையுங்கள். சீப்புச் சீடை, மனகோலம் போன்ற பலகாரமெல்லாம் மகன் வீட்டிலேயே இருக்கட்டும். மைதானத்துக்கு மைதானம் விதி மாறும், இரண்டு நாள் முன்பு அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்க இரண்டரை மணி நேரம் இருக்கும்போதே வாசலில் நில்லுங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் அவசர எண் 911. உட்கார்ந்ததும் முதல் வேலை, நீங்கள் வந்த வாசலைத் தவிர இன்னொரு வாசல் எங்கே என்று பார்ப்பது.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பாதி விலைக்கு டிக்கெட் தருகிறார். க்யூஆர் படம் அனுப்பியிருக்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டேன். நம்பலாமா?
– ராம., தேவகோட்டை

கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரிய போட்டிகளின் டிக்கெட் இப்போது அதிகாரப்பூர்வச் செயலிக்குள்தான் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கடினம். நஷ்டம் உங்கள் பணத்தோடு நிற்பதில்லை. 2022 மே மாதம் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தன்று வாசலில் நடந்த குளறுபடியில் போலி டிக்கெட்டுக்கும் பங்கு உண்டு. நல்ல டிக்கெட் வைத்திருந்தவர்கள் மீதும் கண்ணீர்ப் புகை விழுந்தது.

இவ்வளவு கூட்டத்தில் குண்டு வெடித்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. போகாமலே இருந்துவிடலாமா?
– லெ., பள்ளத்தூர்

போங்கள். பயத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக், 1996 அட்லாண்டா ஒலிம்பிக், 2013 பாஸ்டன் மாரத்தான் தாக்குதல்கள் எல்லாம் நடந்தவைதான். ஆனால் விளையாட்டு மைதானங்களில் உயிர்களை அதிகம் வாங்கியது நெரிசல். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸ் மைதானத்தில் பிரான்ஸும் ஜெர்மனியும் ஆடிக்கொண்டிருந்தபோது வெளியே மூன்று தற்கொலைத் தாக்குதல்காரர்கள் குண்டை வெடிக்கவைத்துச் செத்தார்கள். ஒருவனை வாசல் சோதனையில் தடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆகவே சோதிக்கிறவரிடம் எரிந்து விழாதீர்கள். ஆளில்லாத பையைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். விலகிப் போய்க் காவலரிடம் சொல்லுங்கள். அட்லாண்டாவில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையை ஒரு காவலாளி கவனித்துச் சொன்னதால்தான் பலரை விலக்க முடிந்தது. வெடித்த இடத்துக்கு வேடிக்கை பார்க்க ஓட வேண்டாம். பாஸ்டனில் இரண்டாவது குண்டு சில வினாடிகளிலேயே வெடித்தது.

ஊர்ப் பள்ளி மைதானத்தில் கபடிப் போட்டி நடத்துகிறோம். சுமார் 3,000 பேர் வருவார்கள். பின்பக்க கேட்டைப் பூட்டிவிட்டால் டிக்கெட் இல்லாதவர்கள் நுழைய முடியாது என்கிறது கமிட்டி. சரிதானே?
– சித., காரைக்குடி

சரியே இல்லை. எத்தனை தடவை எழுதினாலும் இந்தப் பூட்டு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

1985 மே 11, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட். பழைய மரக் கேலரி தீப்பிடித்தது. முன்பக்கம் மைதானத்துக்குள் இறங்கியவர்கள் தப்பினார்கள், அங்கே வேலி இல்லை. பின்பக்கம் ஓடியவர்களில் பலர் பூட்டிய கதவுகளில் மாட்டினார்கள். 56 பேர் இறந்தார்கள். 1964-ல் பெருவின் லிமாவில் 300-க்கும் மேல், 2001-ல் கானாவின் அக்ராவில் 126, 2022-ல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் 135. இந்த மூன்று இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: கூட்டத்துக்குள் கண்ணீர்ப் புகை போட்டார்கள், ஓடி வந்தவர்களுக்கு வழி மூடியோ குறுகியோ இருந்தது. மைதானத்துக்குள் கண்ணீர்ப் புகை கூடாது என்ற, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி கஞ்சுருஹானின்போது ஏட்டில் இருந்தது.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 பேர் வெளியேறலாம். எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கடி கேட் ஒன்றில் 750 பேர். 3,000 பேருக்கு நாலு கேட், அதில் ஒன்று அடைபட்டுப் போகும் என்று எண்ணி இன்னொன்று, ஆக ஐந்து. எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சங்கிலியும் பூட்டும் கூடாது, உள்ளிருந்து கையால் தள்ளும் தாழ்ப்பாள் போதும். "சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும்" என்பீர்கள். அந்த ஒருத்தர் இறுதி ஆட்டம் பார்க்கப் போயிருப்பார். கேட்டுக்கு இரண்டு தொண்டர்கள், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். டிக்கெட் சோதனையை கேட்டிலேயே வைக்காமல் 50 மீட்டர் முன்னால் சவுக்குக் கட்டைத் தடுப்பில் வையுங்கள். டிக்கெட் இல்லாதவர் அங்கிருந்தே திரும்பிப் போக இடம் இருக்கும். கேட்டுக்கு வெளியே பைக் நிறுத்த விடாதீர்கள், அதுவும் பூட்டுதான்.

கேலரி கட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. கட்டினால், சதுர மீட்டருக்கு அரை டன் பாரம் தாங்கும் என்று பொறியாளர் எழுத்தில் கொடுக்கட்டும். கூட்டம் ஒருசேர எழுந்து ஆடும்போது கேலரி பக்கவாட்டில்தான் சாயும். ஆகவே நேர்க்கால் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்குக் கட்டை வேண்டும். நம் செம்மண்ணில் மழை பெய்தால் கால் இறங்கும், அடியில் பலகை போடுங்கள். 2021-ல் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியில் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள்.

நெரிசலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?
– மெய்., கானாடுகாத்தான்

மாட்டுவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். இரண்டு தோளும் பக்கத்து ஆள்கள் மேல் உரசத் தொடங்கினால் அதுதான் கிளம்பும் நேரம். சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் கண்மாய்த் தண்ணீர்போல அலையடிக்கும், உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. மிதிபட்டுச் சாகிறவர்களைவிட நின்றபடியே மூச்சு விட முடியாமல் சாகிறவர்கள் அதிகம். 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 97 பேரை இழந்தது பெரும்பாலும் அப்படித்தான். முன்னால் நசுங்குவது பின்னால் தள்ளுகிறவருக்குத் தெரியாது.

முழங்கைகளை மடக்கி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் இடம் பிடியுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள், கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். அலை ஓயும் இடைவெளியில் கோணலாக, ஓரத்தை நோக்கி இரண்டடி. சுவரிலோ தடுப்பிலோ சாயாதீர்கள், அங்கேதான் அழுத்தம் சேரும். செருப்பு, போன் எது விழுந்தாலும் குனியக் கூடாது. விழுந்துவிட்டால் உடனே எழுங்கள். முடியாவிட்டால் பக்கவாட்டில் சுருண்டு தலையை மூடுங்கள். இலவச அனுமதி என்று கடைசி நேரத்தில் அறிவிக்கும் எந்த விழாவுக்கும் குழந்தையோடு போகாதீர்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் இறந்தார்கள்.

பேரன் சேப்பாக்கத்துக்குப் பகல் ஆட்டம் பார்க்கக் கூப்பிடுகிறான். எனக்கு வயது 68, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு.
– வாசகி, புதுவயல்

ஆச்சி, அந்த மைதானத்துக்குப் பெயர் கொடுத்த எம்.ஏ.சிதம்பரம் நம் பக்கத்துக் குடும்பம்தான், தாராளமாகப் போய் வாருங்கள். வெயில் விழாத ஸ்டாண்டில், படி அதிகம் ஏறாத வரிசையில் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் வேறு தண்ணீர் வாங்கி, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடியுங்கள். சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. தலை சுற்றினாலோ வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ ஓவர் முடியட்டும் என்று உட்காராதீர்கள். 2024 அக்டோபரில் மெரினா விமான சாகசத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேரை இழந்தோம். ஆட்டம் முடிந்தபின் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருந்து, கூட்டம் கலைந்ததும் இறங்குங்கள்.

சேஃப்டி பற்றி எல்லாம் விளக்கவும்.
– பெயரில்லை, ஊரில்லை

எந்த ஊர், எத்தனை பேர், எந்த ஆட்டம் என்று எழுதுங்கள், பதில் தருகிறேன்.

சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வெளியூர் நண்பர்களை அழைத்துப் போகிறேன். எங்கே நிற்பது?
– ந., திருப்பத்தூர்

தடுப்புக்குப் பின்னால், உயரத்தில். பொட்டலில் நிற்கவே நிற்காதீர்கள். தொழுவிலிருந்து வரும் மாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து, தொழுவுக்கு வராமல் பொட்டலிலேயே அவிழ்த்துவிட்ட கட்டுமாடு குத்தும்.

கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது. பிள்ளை தொலைந்தால்?
– வாசகி, செக்காலை

பிள்ளையின் முன்கையில் உங்கள் எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். வெளிநாடு என்றால் +91 சேர்த்து. போகும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைய சட்டை நிறம் அதில் இருக்கும். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்எம்எஸ் பல நேரம் போய்விடும். சந்திக்கும் இடத்தை வாசலுக்கு வெளியே, கூட்டம் போகும் திசையிலிருந்து விலகி, தூணின் எண்ணோடு குறித்துச் சொல்லி வையுங்கள்.