ரூட் கெனாலை எதை வச்சு கழுவறது? ஊசியா, சோனிக்கா, அல்ட்ராசோனிக்கா, லேசரா? கேள்வி பதில்

வணக்கம். நான் வேர் சிகிச்சை மட்டும் பண்ற பல் டாக்டர். கெனாலை (வேருக்குள்ள இருக்குற குழாய் மாதிரி வழி) சுத்தம் பண்ற கருவிகள்ல எது நல்லதுன்னு டாக்டர்களும் பேஷண்ட்டுகளும் நிறைய கேட்டிருந்தீங்க, இங்க ஒண்ணா பதில் போடறேன்.

கேள்வி: நல்ல ரோட்டரி ஃபைல் (மெஷின்ல சுத்துற மெல்லிசான அரம்) போட்டு சுரண்டினாலே போதாதா டாக்டர்? கழுவறதுக்கு தனியா ஒரு மெஷின் எதுக்கு?

போதாதுங்க. எக்ஸ்ரேல கெனால் ஒரு கோடு மாதிரி தெரியுது, நிஜத்துல அப்படி இல்ல. கீழ் கடவாய்ப்பல்லோட முன்வேர்ல ரெண்டு கெனாலுக்கு நடுவுல மெல்லிசா ஒரு இடுக்கு ஓடும், அதுக்குள்ள எந்த ஃபைலும் போகாது, வேர் நுனியில வேற கிளை கிளையா பிரியும். 2001ல பீட்டர்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு மைக்ரோ சிடி (ரொம்ப நுணுக்கமான ஸ்கேன்) எடுத்து பார்த்தாங்க, சோதிச்ச எல்லா முறையிலயும் சுவர்ல 35 சதவீதமோ அதுக்கு மேலயோ ஃபைல் படவே இல்ல. ஃபைல் வழிதான் போட்டுக் குடுக்கும், அந்த வழியில போற ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்ங்கிற கழுவற மருந்துதான் கிருமியையும் செத்த சதையையும் கரைக்கும்.

கேள்வி: சார், நான் இப்போ சி.ஆர்.ஐ. (படிப்பு முடிச்சு பயிற்சி டாக்டர்). எங்க காலேஜ்ல சிரிஞ்சும் ஊசியும்தான் இருக்கு, இது வேலைக்கு ஆகுமா?

ஆகும் தம்பி, ஆனா எந்த ஊசின்னு பாருங்க. 24 கேஜ் ஊசி தடிமன், பாதி வழியிலயே நின்னுடும். நுனி மூடி பக்கவாட்டுல ஓட்டை இருக்குற, இன்னும் மெல்லிசான 30 கேஜ் ஊசி வாங்குங்க, வொர்க்கிங் லெங்த்துக்கு (கெனாலுக்குள்ள வேலை செய்யற நீளம்) ஒரு மில்லிமீட்டர் குறைச்சு ஸ்டாப்பர் (ஆழம் காட்டுற அடையாள வளையம்) வைங்க, ஊசி சுவர்ல இறுகிடாம மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே இருங்க, கட்டைவிரலால அழுத்தாதீங்க ஆள்காட்டி விரலால மெதுவா தள்ளுங்க. இவ்ளோ பண்ணாலும் நுனியில காத்து மாட்டிக்கிட்டு மருந்து அங்க போகாம நிக்கும். அதுக்கு செலவே இல்லாத ஒரு வழி இருக்கு, கெனாலுக்கு சரியா பொருந்துற கட்டா பெர்ச்சா கோனை (கெனாலை அடைக்கிற ரப்பர் மாதிரி குச்சி) ஹைப்போவுக்குள்ள விட்டு ரெண்டு மூணு மில்லிமீட்டர் தூரத்துக்கு மேலும் கீழும் ஒரு நிமிஷத்துல நூறு தடவை குத்துங்க. நுனியில இருக்குற காத்து உடைஞ்சு மருந்து இறங்கும். கை வலிக்கும், ஆனா விட்டுடாதீங்க.

கேள்வி: கெனாலுக்குள்ள மருந்தை அதிர வைக்க எண்டோஆக்டிவேட்டர் வாங்கலாமா, அல்ட்ராசோனிக் டிப் வாங்கலாமா? புதுசா கிளினிக் வச்சிருக்கேன், ரெண்டும் வாங்க முடியாது.

உங்ககிட்ட ஸ்கேலிங் பண்ற அல்ட்ராசோனிக் யூனிட் ஏற்கனவே இருக்கும்ல, அதுல பொருந்துற எண்டோ டிப் வாங்குங்க. எண்டோஆக்டிவேட்டர் சோனிக், அதாவது மெதுவா அதிர்ற வகை, நிமிஷத்துக்கு அதிகபட்சம் 10,000 அசைவு. அல்ட்ராசோனிக் செகண்டுக்கே 25,000லேர்ந்து 30,000, அந்த வேகத்துல மருந்து சுழன்டு இடுக்குக்குள்ள போகும். ஆனா அது மெட்டல், வளைஞ்ச கெனால்ல சுவரைத் தொட்டா வேகமும் செத்துடும், சுவரையும் கீறிடும். எண்டோஆக்டிவேட்டர் டிப் பிளாஸ்டிக், சுவரை வெட்டாது, கை பழகாதவங்களுக்கு பயமில்ல. டிப்பை வளைவுக்கு மேலயே நிறுத்தி 20 செகண்ட் ஓட்டு, மருந்தை மாத்து, இப்படி மூணு தடவைன்னு பண்ற பொறுமை இருந்தா அல்ட்ராசோனிக்தான் என் ஓட்டு.

கேள்வி: எக்ஸ்பி எண்டோ ஃபினிஷர்ங்கிற ஃபைல் எப்படி?

பழைய ரூட் கெனாலைப் பிரிச்சு திரும்ப பண்றப்ப எனக்கு ரொம்ப பிடிச்சது. குளிர்ல நேரா இருக்கும், உடம்புச் சூட்டுல வளைஞ்சு கரண்டி மாதிரி ஆகி, சுத்தும்போது சாதாரண ஃபைல் தொடாத பக்கத்தையும் தடவும். உள்ள விடறதுக்கு முன்னாடி குளிர் ஸ்ப்ரே அடிச்சு நேராக்கிக்கோங்க.

கேள்வி: எங்கம்மாவுக்கு மருந்து விட்டு கழுவறப்ப உயிர் போற வலி, கொஞ்ச நேரத்துல கன்னம் வீங்கி கறுத்துப் போச்சு. ஏன் டாக்டர்?

படிக்கவே கஷ்டமா இருக்கும்மா. நேர்ல பாக்காம உறுதியா சொல்லக்கூடாது, ஆனா நீங்க சொல்றது ஹைப்போ வேர் நுனியைத் தாண்டி சதைக்குள்ள போனா வர்ற மாதிரிதான் இருக்கு. வீக்கம் கூடினாலோ மூச்சு விட, முழுங்க கஷ்டமா இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி போங்க. ஊசி இறுகினபடியே அழுத்தினா இது நடக்கும். நுனி திறந்தே இருக்குற வேர்ல எண்டோவேக் மாதிரி கருவி எனக்கு தைரியம் குடுக்கும், அது மருந்தைத் தள்ளாது, நுனியிலேர்ந்து உறிஞ்சி இழுக்கும்.

கேள்வி: லேசர், ஜென்டில்வேவ் (கெனால் கழுவற ஒரு மெஷின்) எல்லாம் விளம்பரமா?

விளம்பரம் மட்டும்னு சொல்ல மாட்டேன். 2940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரை பிப்ஸ் முறையில (சின்னச் சின்ன துடிப்பா விடற முறை) பல்லோட மேல் அறையில வச்சாலே போதும், அங்க உண்டாகுற அதிர்வு மருந்தை கீழ வரைக்கும் ஓட விடுது, வேருக்குள்ள கருவியே போகல. நல்ல விஷயம்தான். ஆனா ரப்பர் டேம் (பல்லைச் சுத்தி போடற ரப்பர் ஷீட்) போடாத கிளினிக்ல எச்சில் கெனாலுக்குள்ள இறங்கிட்டிருக்கும், அங்க முதல்ல ரப்பர் டேமை வாங்குங்க.

கேள்வி: ஹைப்போ விட்டுட்டு குளோர்ஹெக்சிடின் (இன்னொரு கிருமிநாசினி) விட்டேன், கெனால் பழுப்பாயிடுச்சு, பயந்துட்டேன்.

ரெண்டும் சேர்ந்தா அந்த பழுப்பு வண்டல் வரும், அது டென்டின் (பல்லோட உள் அடுக்கு) துளையெல்லாம் அடைச்சிடும். நடுவுல சலைன் (உப்புத் தண்ணி) விட்டு நல்லா கழுவி, பேப்பர் பாயின்ட்ல (ஈரம் உறிஞ்சுற காகிதக் குச்சி) உறிஞ்சி எடுங்க. சுவர்ல ஒட்டுற சுரண்டல் தூளை எடுக்கற ஈடிடிஏவையும் ஹைப்போவோட கலக்காதீங்க, குளோரின் போய் ஹைப்போ செத்துடும். நான் பண்றது: ஃபைல் ஓடுற நேரம் முழுக்க ஹைப்போ, ஷேப்பிங் முடிஞ்சதும் 17 சதவீத ஈடிடிஏ ஒரு நிமிஷம், சலைன், திரும்ப ஹைப்போ விட்டு அல்ட்ராசோனிக். குளோர்ஹெக்சிடின் சதையைக் கரைக்காது, அதனால நான் அதை தினமும் எடுக்கறதில்ல.