எத்தனால் ஆலை ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதியைத் தனியாகப் படிப்பதால் என்ன பயன்?

ஆய்வக ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏவை, 1996-லேயே முழுதாகப் படித்துவிட்டார்களே, ஆலை ஈஸ்ட்டை எதற்கு மறுபடி படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. படித்தபோது எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்ட்டைச் சர்க்கரைக் கரைசலில் நொதிக்க விட்டு, அதே செல்களை அமிலத்தில் கழுவி மறுபடி போட்டுப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் ஒரு குமிழிகூட வரவில்லை.

கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கும் பிரேசில் ஆலைகளில் இது அன்றாட வேலை. 6 முதல் 12 மணி நேரத்தில் நொதித்தல் முடிந்ததும் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவைக் கொல்லக் கந்தக அமிலம் சேர்த்து வைப்பார்கள். அப்புறம் அதே ஈஸ்ட் அடுத்த தொட்டிக்குப் போகும். நாளுக்கு இரண்டு சுற்று வீதம், 200 நாளுக்கு மேல் இப்படியே ஓடும். ரொட்டி ஈஸ்ட்டோடு பருவத்தைத் தொடங்கிய ஆலைகளில், சில வாரங்களிலேயே வெளியிலிருந்து நுழைந்த காட்டு ஈஸ்ட்டுகள் தொட்டியைப் பிடித்துக்கொண்டன. அப்படித் தானாக வந்து நிலைத்ததுதான் பெத்ரா ஆலையில் 1990-களில் பிரித்தெடுத்த பிஇ-2 என்ற ஈஸ்ட் வகை.

அதன் வழிவந்த ஜேஏஒய்270-இன் மரபணுத்தொகுதி 2009-இல் வெளியானது. அதில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அவற்றின் நடுப்பகுதியில் மரபணுக்களின் வரிசை ஒன்றுபோல் இருக்கிறது. பெரிய மாற்றங்கள் எல்லாம் ஓரங்களில்தான். உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்கள் அங்கே இல்லாததால், ஓரங்கள் எப்படிக் கலைந்து மாறினாலும் செல் சாவதில்லை. எனக்கு இதைவிட அழகான விஷயம் அந்த ஆய்வில் வேறில்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், பிஇ-2 உட்பட எத்தனால் ஈஸ்ட்டுகளில் பி1, பி6 வைட்டமின்களைத் தயாரிக்க உதவும் மரபணுக்கள் கூடுதல் பிரதிகளாக இருப்பதைக் கண்டார்கள். அவையும் ஓரப்பகுதியில் இருப்பவைதான். பி6 கிடைக்காத, சர்க்கரை மிகுந்த கரைசலிலும் நன்றாக வளர அவை உதவுகின்றன. ஆய்வக ஈஸ்ட்டை மட்டும் படித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? ஜேஏஒய்270-இன் வித்துகள், அதாவது இனப்பெருக்கத்துக்கான செல்கள், நன்றாகப் பிழைக்கின்றன. அதனால் அதை மற்ற ஈஸ்ட்டுகளோடு கலப்பினம் செய்து, வெப்பத்தையோ அமிலத்தையோ தாங்கும் குணம் எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்று தேடலாம். கரும்புச் சக்கையிலுள்ள சைலோஸ் சர்க்கரையை இந்த ஈஸ்ட் இயல்பாக நொதிக்காது. அதற்கான மரபணுக்களை வேறு உயிரிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஆலையின் கொடுமையைத் தாங்கிப் பழகிய ஈஸ்ட்டில் அவற்றை எந்த இடத்தில் செருகலாம் என்று தீர்மானிக்க, அந்த ஈஸ்ட்டின் டிஎன்ஏ வரிசையே கையில் இருக்க வேண்டும்.