சிரிப்புக்குறி போடலாமா? திருமலை நண்பர்கள் கேட்டவை

கேள்வி (உப்புவெளி): இந்த :-) யார் தொடங்கியது அண்ணா?

பதில்: ஸ்காட் ஃபால்மன், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர், 1982 செப்டம்பர் 19. அங்கே 'லிஃப்டில் பாதரசம்' என்று யாரோ பகிடியாக எழுதப்போய், சிலர் அதை உண்மையான எச்சரிக்கை என்றே எடுத்துவிட்டார்கள். பகிடிக்கு :-) போடுங்கள், பகிடி இல்லாததற்கு :-( போடுங்கள் என்றார் ஃபால்மன். இரண்டாவதைச் சனம் கவலைக்கு எடுத்துக்கொண்டது.

கேள்வி (மூதூர்): இமோஜியும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. இது தட்டச்சுக் குறிகளால் கட்டியது, அது படம். ஜப்பான் கைத்தொலைபேசிகளில் பிறந்து, 2010இல் யூனிகோடில் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) சேர்ந்த பிறகு உலகமெல்லாம் பரவியது.

கேள்வி (நிலாவெளி, விடுதி நடத்துகிறேன்): 'அறை இல்லை' என்று அனுப்பினால் கோபமாகத் தெரிகிறதாம். பின்னால் 🙂 போட்டால் சரியா?

பதில்: போடவே போடாதீர்கள். மொட்டை வசனத்துக்குப் பின்னால் வரும் சிரிப்பு நக்கலாகத்தான் படும், அதுவும் காசு கட்டத் தயாராக இருந்தவருக்கு. 'மன்னிக்கவும், சனி ஞாயிறு நிரம்பிவிட்டது, திங்கள் வந்தால் கடல் பக்க அறை தரலாம்' என்று எழுதிப் பாருங்கள், குறியே தேவைப்படாது. வசனத்தில் இருக்கும் பகிடியைக் குறி காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இல்லாத மரியாதையை அது கொண்டுவராது.

கேள்வி: மாமா மரண அறிவித்தலுக்குக் கீழே 😂 போடுகிறார்!

பதில்: கண்ணீரை மட்டும் பார்த்திருப்பார், பாவம். அது சிரித்துச் சிரித்து வரும் கண்ணீர், அழுகைக்கு 😭. தனியாகக் கூப்பிட்டுப் பெரிதாக்கிக் காட்டுங்கள். எப்போதும் சொல்வதுதான்: செத்தவீட்டுச் செய்திக்கு முகம் வேண்டாம், இரண்டு சொல் எழுதுங்கள்.

கேள்வி (கிண்ணியா): 👍 போடலாம்தானே? பார்த்தேன் என்று அர்த்தம்.

இடையில் ஒரு தங்கச்சி: அப்பாவின் மரணச் செய்திக்கு அதைப் போட்டவரோடு நான் இன்னும் கதைப்பதில்லை!

பதில்: தங்கச்சி பக்கம்தான் நான். 'பார்த்தேன்' என்பது கூட்ட அறிவித்தலுக்குச் சரி. இழவுச் செய்தியில் பெருவிரலைத் தூக்கினால் 'நல்லது' என்றுதான் கண்ணில் படும். ஆனால் தங்கச்சி, அவரும் கிண்ணியாத் தம்பி மாதிரி நினைத்திருப்பார், ஒருக்கால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கிண்ணியா: அப்ப 🙏 சரியா?

பதில்: அதையே நன்றிக்கும் போடுகிறார்கள். எழுதுங்கள் தம்பி, எழுதுங்கள்!

கேள்வி: :-) யார் கண்டுபிடித்தது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இமோஜி கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பதில்: போன் பழசு. அப்டேட் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் போன் கடையில் கேளுங்கள்.