அனிதாவும் ஏழு கோலும்

அன்புள்ள ஐயா,

ஹங்கேரியின் ஹேண்ட்பால் வீராங்கனை அனிதா கோர்பிட்ஸைப் போன வாரம் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். ஒலிம்பிக் பதக்கம் இல்லை, உலகக் கோப்பையும் இல்லை. கடைசிவரை ஒரே கிளப். எதற்கு இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்? பெயர் அனிதா என்பதாலா?

க.

அன்புள்ள க.,

பெயரும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். ஆனால் அவர் ஊரில் 'கோர்பிட்ஸ் அனிதா' என்றுதான் சொல்வார்கள். குடும்பப் பெயர் அங்கே முன்னால் வரும், நம் இனிஷியல் மாதிரி. (கைப்பந்து என்று எழுதினால் நம்மவர்கள் வாலிபால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். அதனால் ஹேண்ட்பால் என்றே இருக்கட்டும்.)

பதக்கக் கணக்கு நீங்கள் சொன்னதுதான். 2008 பெய்ஜிங்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்று நான்காமிடம். எனக்கு அதைவிட உறுத்துவது 2003. ஸாக்ரெபில் உலகக் கோப்பை இறுதி, எதிரே பிரான்ஸ். இரண்டாம் பாதியில் ஹங்கேரி ஏழு கோல் முன்னால் இருந்தது. ஓர் அணி முப்பது கோல் போடுகிற ஆட்டம்தான். என்றாலும் அந்த நேரத்தில் ஏழு என்றால் பெட்டியைக் கட்டிவிடலாம். அது கரைந்தது. முடியும் தறுவாயில் கிடைத்த ஏழு மீட்டர் எறிதலில் (கால்பந்தின் பெனால்டி மாதிரி) பிரான்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 32-29 என்று வென்றது. அனிதாவுக்கு அப்போது 20 வயது. இரண்டே வருடத்தில், 2005-ல், உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கு வந்தது.

ஒரே கிளப் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். ஜ்யோர், புதாபெஸ்துக்கும் வியன்னாவுக்கும் நடுவே உள்ள ஊர்; ஆடி கார் எஞ்சின் தொழிற்சாலைதான் அதன் அடையாளம். வெஸ்ப்ரேமில் பிறந்த பெண் பதின்ம வயதில் அங்கே வந்து, 2021-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார். ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீகில் 2009 இறுதியில் தோல்வி. 2012-ல் இறுதியின் இரண்டு ஆட்டமும் சேர்த்துக் கோல் சமம். வெளியூரில் எதிரணி அதிகக் கோல் போட்டிருந்ததால் கோப்பை கைநழுவியது. முதல் கோப்பை 2013-ல், முப்பது வயதைத் தொட்ட மாதத்தில். பிறகு 2014. அடுத்த ஆண்டு குழந்தை பிறந்தது. திரும்பி வந்து 2017, 2018, 2019 என்று வரிசையாக மூன்று. இதை விசுவாசம் என்பதைவிடப் பிடிவாதம் என்பேன்.

ஆனால் நான் அவரைப் பார்ப்பது கோப்பைக்காக இல்லை. நடுவில் நின்று ஆட்டத்தை ஓட்டுபவர் அவர். ஆறு மீட்டர் கோட்டுக்கு முன்னால் எதிரணி சுவராக நிற்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது, மூன்று நொடிக்கு மேல் சும்மா பிடித்திருக்கவும் கூடாது. அதற்குள் முடிவெடுக்க வேண்டும். தோள் பலத்தால் சுவரை உடைப்பவர்கள் நிறையப் பேர். அனிதா எறிவதுபோல் கையை ஓங்குவார். தடுக்க இரண்டு பேர் எம்புவார்கள். பந்து அதற்குள் பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போயிருக்கும்.

இடது ஓரத்திலும் ஆடியிருக்கிறார். அங்கிருந்து அவர் போடும் சுழல் எறிதலைத் தேடிப் பாருங்கள். விரலில் பிசின் தடவியிருப்பார்கள், அதனால்தான் அந்தப் பிடி. பந்து கோலுக்கு வெளியே போகிறதென்று கோல்கீப்பர் காலைத் தளர்த்துவார். தரையில் பட்டதும் உள்ளே திரும்பிவிடும்.