ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், வரியே இல்லை என்று அதனோடு ஒப்பந்தம் போட்ட பிறகும் எல்லையில் சோதனை எதற்கு?

வரி இல்லாவிட்டால் லாரி நிற்க வேண்டியதில்லை என்று நினைப்பது இயல்புதான். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை, அருமனையிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போவார் அப்பா. பள்ளி விடுமுறையில் நானும் லாரியில் ஏறிக்கொள்வேன். வணிகவரிச் சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பில்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். தார்ப்பாயை விலக்கினால் புகைபோட்ட ஷீட்டின் வாடை குப்பென்று அடிக்கும். ஒரு தாளில் முத்திரை விழவில்லை என்று ஓர் இரவு முழுவதும் அங்கேயே கிடந்தோம். வரி கட்டுவது நொடி வேலை. சரக்கு எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று காட்டுவதில்தான் பொழுது கரைந்தது.

பிரிட்டனிலும் கதை அதுதான். 2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தத்தின் வரிவிலக்கு, பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவான சரக்குக்கு மட்டும். மான்செஸ்டர் கிடங்கில் இறங்கிய திருப்பூர் பனியனை அப்படியே அயர்லாந்துக் குடியரசின் டப்ளினுக்கு அனுப்பினால் ஒன்றியம் தன் வரியைக் கேட்கும். அதனால் பிறப்பிடச் சான்று, சுங்க அறிக்கை. இறைச்சி என்றால் கால்நடை மருத்துவரின் சான்றும் சேரும்.

ஆகவே வெளியேறும் பேச்சுவார்த்தை முட்டி நின்றது, லாரியை எங்கே நிறுத்துவது என்பதில். அயர்லாந்துத் தீவில், பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே ஓடும் எல்லை சுமார் 500 கிலோமீட்டர். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதலை முடித்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு முன்பு ராணுவக் காவல் கோபுரங்கள் நின்ற நிலம் அது. அந்த முப்பதாண்டு மோதலில் சுமார் 3,500 பேர் மாண்டார்கள். அங்கே மறுபடி சாவடி எழுப்பக்கூடாது என்று அயர்லாந்தும் ஒன்றியமும் பிடிவாதமாக நின்றனவே, அது முற்றிலும் சரி என்பேன். அதற்காக, உள்ளே வரியில்லாமல் வெளிச்சரக்குக்கு ஒரே வரி போடும் சுங்க ஒன்றியத்தோடு ஒட்டியிருக்க வழிவைத்த, அப்போதைய பிரதமர் தெரசா மேயின் ஒப்பந்தத்தை 2019-இல் நாடாளுமன்றம் மூன்று முறை தள்ளியது. அவருக்குப் பின் வந்த போரிஸ் ஜான்சன், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் இடையிலுள்ள கடலுக்குச் சோதனையை நகர்த்தினார்; தங்கள் நாட்டுக்குள்ளேயே எல்லையா என்று வட அயர்லாந்தின் பிரிட்டன் ஆதரவாளர்கள் கொதித்தார்கள்.

களியக்காவிளைச் சாவடி போனது, இரு மாநிலமும் ஒரே வரிமுறைக்குள் வந்ததால். பிரிட்டன் வெளியேறியதோ அப்படிப்பட்ட பொதுமுறையிலிருந்துதான். ஒன்றியத்தோடு செய்த 2023 வின்ட்சர் ஏற்பாட்டின்படி, கடல் தாண்டி வந்து வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குச் சோதனை குறைந்த பச்சை வழி, அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியதற்கு முழுச் சோதனையுள்ள சிவப்பு வழி. பச்சை வழியில் போவதற்கும் வணிகர் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.