ராஜினாமா கடிதத்தை நீட்டும் முன்: தனியார் பள்ளி ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் அலுவலகப் பொறுப்பில் இருந்தேன். ஆசிரியர்களின் நியமன ஆணைகளைத் தட்டச்சு செய்தவனும் நான்தான், பணிவிடுவிப்பு ஆணைகளில் முத்திரை இட்டவனும் நான்தான். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

ஐயா, நியமன ஆணையில் மூன்று மாத முன்னறிவிப்பு என்று இருக்கிறது. புதிய பள்ளியில் ஒரே மாதத்தில் சேரச் சொல்கிறார்கள். என்ன செய்வது? (ஆசிரியை, ஈரோடு)

நியமன ஆணையை முழுவதும் படியுங்கள் அம்மா. "மூன்று மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று பெரும்பாலும் இருக்கும். அந்த "அல்லது" இருந்தால், மீதமுள்ள இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு நீங்கள் போகலாம். அது இல்லாவிட்டாலும், விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயப்படுத்தி வகுப்பெடுக்க வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. பள்ளி கேட்கக்கூடியது பணம் மட்டுமே.

அதற்கு முன் தாளாளரிடம் நேரில் பேசிப் பாருங்கள். பாடப்பகுதி எதுவரை முடிந்திருக்கிறது, எந்தத் தேர்வுத் தாள்கள் திருத்தப்பட்டுவிட்டன என்று ஒரு தாளில் எழுதி, கடிதத்துடன் சேர்த்துக் கொடுத்தால் பலர் இறங்கி வருவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பவர்கள் ஜனவரியில் விலகுவதை மட்டும் கூடியவரை தவிர்க்க வேண்டுகிறேன். அந்த இழப்பு பள்ளிக்கு அல்ல, பிள்ளைகளுக்கு.

இன்னொன்று. கடிதத்தை எழுத்தரின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பள்ளி முத்திரை, தேதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து மூன்றும் விழும்வரை அங்கேயே நில்லுங்கள். வருகைப் பதிவேட்டுக்கு அடியில் பதினெட்டு நாள் கிடந்த ஒரு கடிதத்தை நானே எடுத்திருக்கிறேன். அந்த ஆசிரியரின் முன்னறிவிப்பை நிர்வாகம் நான் எடுத்த நாளிலிருந்துதான் எண்ணியது. கையெழுத்திட மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும்போது வாங்கிய பி.எட். அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள். (ஆசிரியர், திண்டுக்கல்)

மனம் கொதிக்கும் விஷயம் இது. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பச்சை நிற இரும்பு அலமாரி இருந்தது. அதன் கீழ்த்தட்டு முழுவதும் ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள். பழுப்பு உறைகளில், பெயர் எழுதி, ரப்பர் வளையம் போட்டு. சாவி தாளாளரின் இடுப்பில். வேறு வேலைக்கு நேர்காணல் வந்தும் சான்றிதழ் கிடைக்காமல் அலுவலக வாசலில் அழுதுகொண்டு நின்ற ஆசிரியையை இன்றும் மறக்க முடியவில்லை.

கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. அது விற்பனைப் பண்டமல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முதலில், எந்தெந்தச் சான்றிதழ்களை எப்போது ஒப்படைத்தீர்கள் என்று வரிசையாக எழுதி, ஏழு நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். அடுத்தது வழக்கறிஞர் அறிவிப்பு. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பி அலையாதீர்கள். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது.

இரண்டு ஆண்டுக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா? (ஆசிரியை, சேலம்)

ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இதற்கு உதவும். எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். உங்களுக்குப் பள்ளி தன் செலவில் பயிற்சி கொடுத்ததா? புதிய ஆள் தேட எவ்வளவு செலவாகும்? இவற்றை வைத்துப் பேசுங்கள். ஆனால் இப்படிப்பட்ட பத்திரம் எல்லாமே செல்லாது என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாண்டுக்குள் விலகிய வங்கி அதிகாரி ஒருவர் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது.

விலகிய பிறகு ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு பள்ளியில் சேரக் கூடாதாம். (ஆசிரியர், கரூர்)

செல்லாது. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு. தைரியமாகச் சேருங்கள்.

நான்கு ஆண்டு, பத்து மாதம் ஆகிறது. பணிக்கொடை உண்டா? (ஆசிரியர், மதுரை)

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2009-இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்படி செய்தார்கள். பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

பொது விதி ஐந்து ஆண்டு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி முடித்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. ஆனாலும் பள்ளி தகராறு செய்யும். இரண்டு மாதம் பொறுக்க முடிந்தால் பொறுத்து, ஐந்தை முடித்துவிட்டு விலகுங்கள். கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாயில் எட்டு ஆண்டு என்றால் ஏறத்தாழ 83,000 ரூபாய் வரும்.

ராஜினாமா கொடுத்துவிட்டேன். இப்போது மனம் மாறிவிட்டது. (ஆசிரியை, தஞ்சாவூர்)

"ஏப்ரல் 30 முதல் விலகுகிறேன்" என்பதுபோல் இனி வரப்போகும் தேதியைக் குறிப்பிட்டிருந்தால், அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் 1978-இல் வகுத்த பொது நெறி. உங்கள் நியமன ஆணையில் இதற்கு மாறாக ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்றே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது.

நான் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டு பணி முடித்தவன். உடல்நலம் சரியில்லை. ராஜினாமா செய்யலாமா? (ஆசிரியர், விழுப்புரம்)

வேண்டாம் ஐயா, அந்தச் சொல்லையே எழுதாதீர்கள். அரசுப் பணியில் ராஜினாமா என்றால் பழைய பணிக்காலமே அற்றுப்போகும். மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பியுங்கள். இருபது ஆண்டு தகுதிப் பணி அல்லது ஐம்பது வயது இருந்தால் அதற்கு வழி இருக்கிறது.

பேறுகால விடுப்பு கேட்டேன். "ராஜினாமா எழுதிக் கொடு, பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். (ஆசிரியை, நாமக்கல்)

எழுதிக் கொடுக்காதே அம்மா. தேதியில்லாத வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதே. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 2017 முதல் சட்டம். பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். அந்த விடுப்பில் இருக்கும்போது உன்னை நீக்குவது சட்டவிரோதம். ராஜினாமா எழுதிவிட்டால் நீயாகவே போனதாக ஆகிவிடும், அதற்காகத்தான் கேட்கிறார்கள். இன்று இரவே விடுப்பு விண்ணப்பத்தை எழுது. மருத்துவர் குறித்த பிரசவ தேதியைச் சேர்த்து, மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்பு. நாளை வழக்கம்போல் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடு. பதிவேட்டைத் தர மறுத்தால், நேரத்தைக் குறிப்பிட்டு அங்கிருந்தே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடு.