அட்டை, நகம், இருவாச்சி: மலைக்காட்டு நடை பற்றி வாசகர் கேள்விகள்

டாப்சிலிப்பில் தங்கி, நாங்கள் நான்கு நண்பர்கள் மட்டும் காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

கூடாது. டாப்சிலிப் இருக்கும் ஆனைமலை 2007 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் பாதையை விட்டு இறங்கினாலே வழக்கு. மலையேறத்தான் ஆசை என்றால் 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, இணையத்தில் முன்பதிவு செய்யலாம். முதல் தடவையே 'கடினம்' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது குறுக்கு வழி தேடாதீர்கள். காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், மனிதக் கால் அதை முந்தாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும்.

போன முறை மலையிலிருந்து இறங்கியதும் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, பிறகு விழுந்தே விட்டன. ஷூ புதியது, விலையும் அதிகம். என்ன தப்பு?
– வாசகி, மதுரை

விலையில் தப்பில்லை, அளவில்தான். ஏறும்போது குதிகால் அழுந்தும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, ஒவ்வோர் அடிக்கும் நகம் ஷூவின் நுனியில் இடிக்கும். மூன்று மணி நேரம் இடி வாங்கினால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடப்போகும் தடித்த சாக்ஸோடு, கயிறு கட்டாமல், விரல்கள் நுனியைத் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டிவிடுங்கள்.

உச்சியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதைப் பலரும் செய்வதில்லை. கயிற்றின் முனையை அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் விட்டு ஒரு சிறு வளையம் ஆக்குங்கள். இரண்டு பக்கமும் செய்தபின், முனைகளை எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடியுங்கள். குதிகால் பின்னாலேயே பிடித்து நிற்கும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து கொப்புளம் போடும்.

அட்டைக்கு உப்பா, புகையிலையா, தீக்குச்சியா?
– வாசகர், தேனி

கடித்துவிட்ட அட்டைக்கு மூன்றுமே வேண்டாம். உப்போ சூடோ பட்டால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிட்டு விழும். சீழ் பிடிப்பதற்கு அது போதும். அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு, மெல்லிய முனைதான் வாய். வாயை ஒட்டித் தோலோடு தோலாக நகத்தைத் தள்ளினால் பிடி விடும். உடனே மறுமுனையையும் தள்ளிச் சுண்டி எறியுங்கள். தாமதித்தால் விரலைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கசிவு மணிக்கணக்கில் நீடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

வராமல் தடுக்க, முழங்கால்வரை ஏறும் நெருக்கமான துணியாலான அட்டை சாக்ஸ்தான் நல்ல வழி. ஷூவில் தடவிய உப்பு ஈரப்புல்லில் நூறு அடி நடந்தால் கரைந்துபோகும்.

அட்டையைவிடப் பயப்பட வேண்டியது கண்ணுக்கே எளிதில் தெரியாத ஒரு சிறு உண்ணிக்கு. அதன் குஞ்சு கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். காட்டுக்குப் போய்வந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல் கண்டால், காடு சென்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்ட வடு போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிய மாத்திரையில் குணமாகும். வலிக்காது என்பதால் அந்தப் பொருக்கு பலர் கண்ணில் படாமலே போகிறது.

பைனாகுலர் 10x50 வாங்கவா, 8x42 வாங்கவா?
– வாசகர், சேலம்

8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு. மரக்கூரைக்குக் கீழே அகன்ற பார்வைதான் உதவும், கழுத்தும் உங்களை வாழ்த்தும்.

பன்னிரண்டு பேர் ஆறு மணி நேரம் நடந்தோம். ஒரு விலங்குகூடத் தென்படவில்லை. காடு காலியாகிவிட்டதா?
– வாசகி, திருச்சி

பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டே போனால் காடு ஒதுங்கிக்கொள்ளும். நான்கு பேராகப் பிரிந்து (ஒவ்வொரு குழுவுக்கும் வழிகாட்டி உண்டென்றால்), பேச்சை நிறுத்தி, காதை நம்புங்கள். நீராவி ரயில் கிளம்புவதுபோல் தலைக்குமேல் 'உஸ்... உஸ்...' என்று கேட்டால் அது பெரிய இருவாச்சிப் பறவை. சிறகிறகுகளின் இடுக்கில் காற்று புகுந்து எழுப்பும் ஓசை அது.

காய்த்த அத்திமரம் கிடைத்தால் மேற்கொண்டு நடக்காதீர்கள். கீழே கிடக்கும் பழங்களில் பாதி கடித்தவை புதிதாக இருந்தால், சற்றுத் தள்ளி இருபது நிமிடம் உட்காருங்கள். மலை அணிலோ இருவாச்சியோ திரும்பி வரக்கூடும். அதே இடத்தில் ஆவி பறக்கும் யானைச் சாணம் கிடந்தால் மட்டும் உட்காராமல், வழிகாட்டி காட்டும் பக்கம் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.